நான் பதினோரு நிமிடம் பார்த்த சீரிஸ்

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை நான் முழுதாகப் பார்த்த வெப் சீரிஸ்கள் மொத்தம் மூன்று. மற்றவர்களைப் பார்க்கச் சொன்னவை நூற்றைத் தாண்டும். நடுவில் உள்ள தொண்ணூற்றுச் சொச்சத்தைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. (முழுசாகப் பார்த்தவர்களுக்குத்தான் சந்தேகமெல்லாம் வரும்.)

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் யாராவது, "கலாக்கா, இந்த வாரம் என்னங்க பாக்கலாம்?" என்பார்கள். நான் அவசரப்படாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பெயரைச் சொல்வேன். என் தொழில்முறை எளிமையானது. துணி மடிக்கும்போது முதல் பத்து நிமிடம் பார்ப்பேன். பிறகு யாரோ ஒருவர் போட்ட விமர்சன வீடியோவை இரட்டை வேகத்தில் கேட்பேன். அதற்கு மேல், "ரெண்டாவது பாதியில கொஞ்சம் தொய்வுங்க, ஆனா முடிவு பிரமாதம்" என்று ஒரு வரி கைவசம் இருந்தது. எந்த சீரிஸுக்கும் அது பொருந்தியது.

நான் மாட்டிக்கொள்ளாததற்கு எங்கள் ஊர் மரியாதையும் ஒரு காரணம். ஒருத்தர் சொன்ன சீரிஸ் படுமோசமாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தானுங்க இருந்துச்சு, எனக்குத்தான் தூக்கம் வந்துபோச்சு" என்று பழியைத் தங்கள் கண்மேல் போட்டுக்கொள்வார்கள். இந்த நல்ல மனசை நம்பியே ஏழெட்டு வருடம் நிபுணராக ஓட்டினேன். என் எதிர் நாற்காலியில் உட்காரும் ஷமீமா மட்டும் விதிவிலக்கு. கோட்டைமேட்டிலிருந்து வருகிற அவள், ஒரு சீரிஸைத் தொட்டால் கடைசியில் ஓடும் எழுத்துகள் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவளிடம் மட்டும் நான் கருத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்வேன்.

போன வருடம் கோபிசெட்டிபாளையத்தில் என் சரோஜா சித்தி இறந்துபோனார். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, இரண்டு வருடம் டயாலிசிஸ். சித்தப்பாதான் வாரம் இரண்டு தடவை ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், பேச்சு குறைவு. சித்தியைக் கிடத்தியிருந்த அன்று, வாசலில் போட்ட சாமியானாவில் ஒரு டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரி செய்தது சித்தப்பாதான். இறங்கி ஸ்டூலைத் துடைத்து, வந்தவர் ஒருவர் உட்காரப் போட்டார். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் அழுது யாரும் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அவர் தனியானார். ஒரே மகள் கவிதா பெங்களூரில் ஏழு மாதக் கர்ப்பம், பயணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பாவோ ஊரை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். ஒருநாள் கவிதா போனில் என்னிடம் அழுதாள்.

"அப்பா ஒரு வேளதான் சாப்புடறாருங்க்கா. எதக் கேட்டாலும் 'ம்'ங்கறாரு. டிவி மேல அம்மாவோட துண்டப் போட்டு மூடி வெச்சிருக்காரு. நீங்க ஊருக்கே சீரிஸ் சொல்றீங்கல்ல, எங்கப்பாவுக்கு ஒண்ணு சொல்லுங்க. சண்ட, சாவு எதுவும் இருக்கக் கூடாது. அவரு ஒரு மணி நேரம் எதையாச்சும் பாத்தாப் போதும்."

என்னை நம்பி ஒரு மனிதரை ஒப்படைத்திருந்தாள். நியாயமாக, ஒரு வாரம் டைம் கொடு என்று கேட்டு, உட்கார்ந்து எதையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நிபுணர்கள் டைம் கேட்க மாட்டார்கள். அரை நிமிடத்தில் ஒரு சீரிஸைச் சொன்னேன். (பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இன்னொருத்தருக்குப் பரிந்துரைத்த பாவம் வேண்டாம்.) ஒரு மலையூர். ரிட்டையர் ஆன கணவனும் மனைவியும் வீட்டின் முன்னறையில் ஒரு மெஸ் தொடங்குகிறார்கள். மொத்தம் எட்டு எபிசோடு. நான் பதினோரு நிமிடம் பார்த்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

"கண்ண மூடிட்டு போட்டு உடு கவிதா. ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் சிரிப்புத்தான்."

"நீங்க முழுசாப் பாத்தீங்களாக்கா?"

"ரெண்டு தடவ."

அந்த 'ரெண்டு தடவ' ஏன் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை என்று சொல்லியிருந்தாலே அவள் நம்பியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோபிக்குப் போனேன். சித்தப்பாவின் டிவியில் என் கணக்கைப் போட்டு, ரிமோட்டைக் கையில் கொடுத்து, "கலான்னு என்ற பேரு இருக்கற கட்டத்த அமுக்குங்க சித்தப்பா, அப்பறம் இந்தப் படத்த அமுக்குங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுத்தேன். சித்தியின் துண்டை அவர் நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி அம்மணி" என்றார். நான் புண்ணியம் சேர்த்த திருப்தியோடு துடியலூரில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை கவிதா கூப்பிட்டபோது அவள் குரலே மாறியிருந்தது. அப்பா செவ்வாய்க்கிழமையிலிருந்து தினம் ஒரு எபிசோடு பார்க்கிறாராம். தனியாக இல்லை. சாயங்காலமானால் அக்கம்பக்கத்தவர்கள் சித்தப்பாவுக்குத் துணையாகச் சற்று நேரம் வந்து உட்காருவது வழக்கம். வந்தவர்களை விட்டுவிட்டு இவர் டிவி பார்க்க முடியாது. நான் கோயமுத்தூரிலிருந்து வந்து போட்டுக் கொடுத்ததைப் பார்க்காமல் விட்டால் எனக்கு மரியாதை இல்லை. அதனால் வந்தவர்கள் எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். நாலு மணிக்கு அவரே டீ போடுகிறாராம். இரண்டு வேளை சாப்பிடுகிறாராம்.

"உங்களுக்குக் கோயில் கட்டோணுங்க்கா" என்றாள் கவிதா. நானும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இந்தப் பெருமையைச் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்துவிட்டேன். சித்தப்பா, துண்டு, டீ எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஷமீமா மட்டும் கையில் பிசைந்த சோற்றோடு என்னையே பார்த்தாள்.

"எந்த சீரிஸ்க்கா?"

சொன்னேன்.

"அந்தம்மா செத்துருவாங்களேக்கா."

"எந்தம்மா?"

"மெஸ் நடத்தற அம்மா. மூணாவது எபிசோடுல கால் வீங்கும். நாலாவதுல கிட்னின்னு சொல்லிருவாங்க. அஞ்சாவது பூரா டயாலிசிஸ். ஆறாவதுல முடிஞ்சுரும். நான் ரெண்டு நாள் சரியாச் சாப்புடலக்கா."

"அதெல்லாம் தெரியும்" என்றேன். (அந்த நேரத்திலும்! அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன்.)

சோற்றை மூடிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.  ஒரு மனிதர் இரண்டு வருடம் கண்ணால் பார்த்ததை, திரும்ப ஒருமுறை பெரிய திரையில், தமிழ் டப்பிங்கோடு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்துப் பார்க்கும்படி நான் ஏற்பாடு செய்திருந்தேன். சித்தப்பாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்த வீட்டு ருக்மணி டீச்சருக்கு அடித்தேன். ரிட்டையர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ்.

"சொல்லுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? சாப்ட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க டீச்சர். சித்தப்பா..."

"அவரு நல்லா இருக்கறாருங்க. இன்னிக்கு அஞ்சாவதுங்க. நாளைக்கு ஒரு கலியாணம் இருக்கறதுனால ஆறாவதையும் சேத்து இன்னிக்கே பாத்துப்போடலாம்னு பேசி வெச்சிருக்கறோமுங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'ஆறாவதைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்று ஒரு வரி. ஆனால் ஏன் என்று டீச்சர் கேட்பார். காரணத்தைச் சொன்னால், தெரிந்தே ஏன் இதைப் போட்டுக் கொடுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது என்றால், 'ரெண்டு தடவ' என்ன ஆவது? ஆகவே, "சும்மாதானுங்க கூப்பிட்டேன்" என்று போனை வைத்தேன். போனில் ஒரு வரி சொல்வதற்கு வெட்கப்பட்டு, அரை நாள் லீவு போட்டு, எண்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக முடிவு செய்த பெண்மணி நான்தான்.

கணபதியிலேயே சத்தியமங்கலம் பஸ் கிடைத்தது. வழியில் ஒரு உபாயம் தோன்றியது. என் கணக்குத்தானே, போனிலிருந்தே எல்லா டிவியிலும் வெளியேறச் சொல்லிவிட்டால்? அதற்கான பட்டனை அன்னூர் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். ஓடிபி கேட்டது. ஓடிபி என் வீட்டுக்காரர் நம்பருக்குப் போகும். அவர் வேலை பார்க்கும் பவுண்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்து மணிக்குத்தான் எடுப்பார்.

சத்தியில் பஸ் மாறி உட்கார்ந்தபோது மணி நாலே கால். அந்த ஐந்தாவது எபிசோடில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று போனில் அழுத்தினேன். எங்கள் கணக்கு ஒரே ஒரு திரைக்கு மட்டும். திரை கறுத்து ஒரு வாசகம் வந்தது: 'உங்கள் கணக்கில் வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.'

டீ குடித்து முடித்து ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. நான் டிரைவரைப் பார்த்த பார்வையில் அவர், "ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரிக்குங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட ஆமாம் என்று தலையாட்டினேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் பதினோரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே ஓடினேன். திரையில் ஆஸ்பத்திரி வராந்தா. என்னைப் பார்த்ததும் டீச்சர் ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். எல்லோரும் எழுந்தார்கள். "வாங்க அம்மணி, வாங்க", "வேர்த்து ஊத்துதே, ஃபேனுக்கடியில உக்காருங்க", "சாப்ட்டீங்களா?" சித்தப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "ஏன் கண்ணு, சொல்லாம கொள்ளாம?" என்றார். "உங்களப் பாக்கோணும்னு தோணுச்சுங்க சித்தப்பா" என்றேன். நிறுத்திவிட்டார்கள், தப்பித்தோம் என்று மூச்சு வந்தது.

பால் ஊற்றும் சென்னியப்பண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நல்ல வேளைக்கு வந்தீங்க அம்மணி. முழுசாப் பாத்தவுங்க நீங்கதான். ஒரு சந்தேகமுங்க. அந்த நீலச் சட்டைக்காரன் யாருங்க? ஊட்டுக்காரன்னு நானு சொல்றேன், வாடகை கேக்கத்தான் வாரான்னு. டீச்சரு இல்லைங்கறாங்க."

நீலச் சட்டை எனக்குத் தெரியும்! எனக்குத் தெரிந்த பதினோரு நிமிடத்தில் அவர் ஏழு நிமிடம் வருகிறார். "அவரு அந்தம்மாவோட கூடப் பொறந்த தம்பிங்க. வெளிநாட்டு வேலைய உட்டுட்டு வந்து, அக்கா மெஸ் வெக்கறதுக்கு அடுப்பு வாங்கிக் குடுப்பாருங்க. மொதக் காட்சியே அதுதானுங்களே!" என்று கைகளை விரித்துப் பொழிந்து தள்ளினேன்.

"அட சாமி, தம்பியா! நாலு நாளா அந்த மனுசன வஞ்சுட்டிருக்கறோமுங்களே!" என்றார் சென்னியப்பண்ணன். டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "மொதக் காட்சிங்களா? நாங்க அதப் பாக்கவே இல்லீங்களே. எங்களுக்கு எடுத்ததுமே அந்தம்மா இட்டிலி ஊத்துறாங்க."

சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: "படத்துக்கு அடியில கொஞ்சூண்டு சிவப்புக் கோடு ஓடியிருந்துச்சுங்க. அம்மணி எங்களுக்குன்னு அந்த எடத்துல கொண்டாந்து வெச்சிருக்குது, அங்கிருந்துதான் பாக்கோணுமாட்டம் இருக்குதுன்னு அப்படியே அமுக்கிப்போட்டேன்."

"எத்தன நிமிசத்துலருந்துங்க?" என்றார் டீச்சர்.

"பதினொண்ணு."

 முப்பது வருடம் வீட்டுப்பாடம் திருத்திய கண்கள் என்மேல் நின்றன. "ரெண்டு தடவ பாத்துருக்கறாங்கன்னு கவிதா சொல்லுச்சுங்களே" என்றார். சென்னியப்பண்ணனுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உதவும் நல்லெண்ணத்தில் சொன்னார்: "ரெண்டு தடவையுமே பதினோரு நிமிசம் பாத்திருப்பாங்களாட்டம் இருக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. எல்லோரும் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சங்கடத்தைக் கடக்க யாரோ, "மிச்சத்தப் போடுங்க, முடியப்போவுது" என்றார்கள். டீச்சர் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்க, சித்தப்பா அழுத்தினார்.

ஒரு நிமிடம்கூட இல்லை. டாக்டர் வந்தார், ஏதோ சொன்னார், ஐந்தாவது எபிசோடு முடிந்தது. திரையின் ஓரத்தில் 'அடுத்த எபிசோடு' என்று ஒரு கட்டம் வந்து பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்கியது. தொழில், கௌரவம், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பது எல்லாம் மறந்துபோய் நான் கத்தினேன்.

"போடாதீங்க சித்தப்பா! அந்தம்மா செத்துப் போயிரும்!"

சுவரில் மாலை போட்ட சித்தியின் படம். அதன் கீழே விளக்கு. அந்த வீட்டில் நின்றுகொண்டு, பதினோரு பேர் முன்னால், நான் சொன்ன வார்த்தைகள் அவை. பூமி பிளந்தால் போய்விடலாம் என்று நிஜமாகவே தரையைப் பார்த்தேன். எண் மூன்றில் இருந்தபோது சித்தப்பா டிவியை அணைத்தார்.

"தெரியும் அம்மணி" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் ரிமோட்டை மேசைமேல் வைத்தார். "மூணாவதுல கால் வீங்குனப்பவே தெரியும். இப்ப அந்த டாக்டரு கண்ணாடியக் கழட்டி மேச மேல வெச்சுட்டுப் பேசுனாரு பாரு. ஈரோட்டுலயும் அப்படித்தான் வெச்சாரு."

"அப்பறம் ஏன் சித்தப்பா பாத்தீங்க?"

"அந்தம்மா நல்லா சமைக்குது. புருசன வாய் ஓயாம வையுது. அதப் பாக்கறதுக்குத்தான்." அணைந்த டிவியைப் பார்த்துச் சொன்னார்: "இதோட போதும். ஆறாவத நான்தான் பாத்துப்போட்டனே."

 டீச்சர்தான், வகுப்பில் அடுத்த பாடத்துக்குப் போகிற குரலில், "அப்ப உட்டுப்போன அந்தப் பதினோரு நிமிசத்தப் பாத்தரலாமுங்களா?" என்றார்.

பார்த்தோம். இந்தத் தடவை முதலிலிருந்து. அந்த அம்மாள் தன் தம்பிக்கு எதிரிலேயே கணவனை ஒரு பிடி பிடிக்கிறார். பத்து தோசை ஊற்றுகிற கல் வாங்கி வரச் சொன்னால், வீட்டு உபயோகத்துக்கு ஒரு சின்னக் கல்லை வாங்கி வந்து நிற்கிறார் மனிதர். "இதுல ஆருக்கு ஊத்தட்டும், பொம்மைக்கா?" என்று கல்லைத் தூக்கிக் காட்டுகிறார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். "சரோஜா இப்படித்தான்... குக்கருக்கு வாசர் வாங்கியாந்தா... எப்பவும் சைஸு..." என்று சொல்ல ஆரம்பித்து, சிரித்து, சிரிப்பு நிற்காமல் போய், பிறகு அது சிரிப்பாக இல்லை. மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சென்னியப்பண்ணன் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

ஐந்தரைக்கு என் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஏன் கலா, எவனோ நம்ம கணக்கத் திருடறான். ஓடிபி வந்துருக்குது. 'இது நானில்லை'ன்னு அமுக்கிப்போட்டேன், பயப்படாத."

ஷமீமா மூலம் ஆபீசுக்கும், டீச்சர் மூலம் கோபிக்கும், கவிதா மூலம் உலகத்துக்கும் விஷயம் பரவியது. இப்போது எங்கள் குடும்பத்தில் நான் எதைப் புகழ்ந்தாலும் ஒரே கேள்விதான். பல்லடத்தில் ஒரு நல்ல வரன் இருக்கிறது என்றேன், "எத்தன நிமிசம் பாத்தீங்க?" என்றார்கள். புது ஹோட்டலில் பிரியாணி பிரமாதம் என்றால், "முழுசாவா, பதினொண்ணா?" கவிதாவின் குழந்தையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியே சித்தி ஜாடை என்று சொன்னேன். அதற்கும் கேட்டார்கள். (அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பார்த்திருந்தேன். சாட்சி இருக்கிறது.)

சித்தப்பா இன்னும் அந்த சீரிஸைத்தான் பார்க்கிறார். ஒன்றிலிருந்து ஐந்து. ஐந்து முடிந்ததும் திரும்ப ஒன்று. ஆறாவதை இதுவரை தொடவில்லை, நானும் பார்க்கவில்லை. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் போனில் எதையாவது அழுத்தினால், 'உங்கள் கணக்கில் வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று வரும். இரண்டு திரைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று என் வீட்டுக்காரர் பல தடவை சொல்லிவிட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். நாலேகாலுக்கு ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். அந்த வாசகம் வந்ததும் கவிதாவுக்கு, 'அப்பா டீ குடிச்சாச்சு' என்று மெசேஜ் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.